ஹீட்டர் போடாத கார்

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பால் ஆகாது. மீதிப் பேருக்குக் கோதுமை ஆகாது. என் வீட்டில் சைக்கிளுக்குச் சூடு ஆகாது.

அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க, வெளியே மைனஸ் இருபது என்றால் காருக்குள்ளேயும் ஏறக்குறைய மைனஸ் இருபதில் உட்கார்ந்துதான் ஓட்டினேன். ஹீட்டர் பட்டன் பக்கம் என் கை போனால் கணவன் தட்டிவிடுவான். பின்னால், மடக்கிய சீட்டின் மேல், கம்பளி விரித்து சைக்கிளைப் படுக்க வைத்திருப்போம். என் மாமியாரைக்கூட நாங்கள் அவ்வளவு பத்திரமாக எங்கேயும் கூட்டிப்போனது கிடையாது.

குளிரில் நின்ற சைக்கிளைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் அதில் ஒட்டியிருக்கும் பனி உருகும். உருகிய தண்ணீர் பின்சக்கரத்து ஃப்ரீவீலுக்குள் இறங்கும். மறுபடி வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் உள்ளே உறைந்துவிடும். அப்புறம் பெடல் பாட்டுக்குச் சுற்றும், சக்கரம் சும்மா இருக்கும். எங்கள் ஊரான ஔலுவில் பிறந்த குழந்தைக்கு நடை வருவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். சைக்கிள் என்றால் குளிர்காலம் முடியும்வரை வெளியேதான் தூங்க வேண்டும்.

அப்படிப்பட்ட சைக்கிளுக்குக் காரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. எங்கள் ஊரில் ஒருத்தர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

என் கணவன் பெயர் வெய்யோ. இங்கே முதலாளியையும் நீ என்றுதான் கூப்பிடுவோம், ஆகவே அறுபதைத் தாண்டிய மனிதனை அவன் என்று எழுதுகிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஆளுயர இஸ்திரி உருளைக்குள் விட்டு அந்தப் பக்கம் வாங்க வேண்டும். நாள் முழுக்க ஆவியில் வேகிற ஆள், காலையும் மாலையும் பனியில் சைக்கிள் மிதிப்பான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கார் இருக்கிறதே என்று நான் சொன்னால், பன்றி இறைச்சி சாப்பிடாதவனுக்குப் பன்றி இறைச்சியை நீட்டியது போல ஒரு பார்வை பார்ப்பான்.

இதற்கு நடுவில் போட்டி வேறு. ஒவ்வொரு குளிர்காலமும் ஊரில் இருக்கிற வேலையிடங்களுக்குள், யார் அதிகம் சைக்கிளில் வந்தார்கள் என்று பார்ப்பார்கள். பரிசு என்ன தெரியுமா? பனியில் வழுக்காமல் இருக்க ஆணி பதித்த ஒரு பழைய டயர், தங்க நிறம் பூசியது. அந்த டயரைச் சலவை நிலையத்துக் காபி அறைச் சுவரில் மாட்டுவதற்காகப் பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள் ஜனவரி இருட்டில் மூக்கு உறைய மிதிக்கிறார்கள். சலவை நிலையத்து அணிக்குத் தலைவன் வெய்யோ. தேர்தல் வைத்தெல்லாம் தேர்ந்தெடுக்கவில்லை. அவன்தான் தலைவன் என்று அவன் முடிவு செய்தான், யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசினால்தானே மறுப்பதற்கு.

தலைவன் செய்த ஒரே நிர்வாகக் காரியம், தர்மோவுக்குப் பெயர் வைத்ததுதான். தர்மோ என்பவன் அங்கே துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். பல வருஷத்துக்கு முன்னால் கணுக்கால் சுளுக்கி, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள்தான், காரில் வேலைக்கு வந்தான். அன்று காபி நேரத்தில் வெய்யோ ஏலக்காய் பன்னைக் காபியில் தோய்த்தபடி, "என்ன கார்க்காரரே, டிரைவர் எங்க?" என்று கேட்டான். அவ்வளவுதான். அன்றிலிருந்து தர்மோ கார்க்காரன். சம்பளச் சீட்டில் மட்டும்தான் தர்மோ. அவன் மகள் கல்யாணத்திலேயே ஒருத்தர் வாழ்த்துரையில் "நம்ம கார்க்காரன்" என்று சொல்லப் போய் சம்பந்தி வீட்டார் அவன் ஏதோ கார் வியாபாரி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படிப் பெயர் வைத்த வெய்யோவுக்குத்தான் அக்டோபரில் நெஞ்சில் கோளாறு என்று தெரியவந்தது.

வருடாந்தரப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். டாக்டர் சின்னப் பெண். கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"ரத்தக்குழாய் ஒண்ணு சுருங்கியிருக்கு. வசந்தத்துல கம்பிவலை வச்சுச் சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் மாத்திரை போடு, நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில இந்த மருந்தை அடிச்சுக்கோ. குளிர் காத்துல மூச்சு வாங்கற எந்த வேலையும் கூடாது. சைக்கிள் கூடவே கூடாது."

"சவுனா?" என்று கேட்டான் வெய்யோ.

"அளவா."

அவன் தலையாட்டினான். சவுனா என்கிற ஆவிக் குளியல் தப்பித்துவிட்டது, இனி பிரச்சினை இல்லை என்று நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். நான் எவ்வளவு பெரிய மடச்சி என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. விடிவதற்கு முன் எழுந்து பார்த்தால், ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கிறான்.

கதவை மறித்து நின்றேன். நான் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். ஊரில் அடுத்தவர் வாயையெல்லாம் திறக்க வைப்பது என் பிழைப்பு. வீட்டில் மட்டும் அது பலித்ததே இல்லை. ஆனால் அன்று அவன் வாய் திறந்தான்.

"கார்ல போய் இறங்கினா மானம் கப்பலேறிடும், ஹில்க்கா."

"கடல்தான் உறைஞ்சு கிடக்கப் போகுதே. எந்தக் கப்பல்ல ஏறும்?"

"தர்மோ என்ன சொல்லுவான்?"

"உனக்கு ஒரு பேரு வைப்பான். வச்சா செத்தா போயிடுவ? சைக்கிள்ல போனாதான் செத்துப் போவ."

"அவங்ககிட்ட சொல்லிடாத" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதில்தான் நான் விழுந்தேன்.

பேரம் பேசி முடித்தபோது ஒப்பந்தம் இப்படி ஆகியிருந்தது: நான் அவனையும் சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். சலவை நிலையத்துக்கு முந்தின திருப்பத்தில், மூடிக்கிடக்கும் ஒரு நாற்காலிக் கடையின் பின்புறம் இறக்கிவிடுவேன். அங்கிருந்து ஒரு சின்னச் சரிவு, அவன் மிதிக்காமலே உருண்டுபோய் வாசலில் கம்பீரமாக இறங்குவான். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கடைசியாகக் கிளம்பி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக அதே கடைக்கு வருவான். சொன்னால் சிரிப்பீர்கள். மாலை வேளையில் அந்தக் கடைக்குப் பின்னால் விளக்கை அணைத்துக் காத்திருக்கும்போது, கள்ளக் காதலனுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்காவது கொஞ்சம் கிளுகிளுப்பு இருக்கும், எனக்கு அதுவும் இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

நவம்பரில் குளிர் இறங்கியதும் புதுத் தலைவலி வந்தது. தாடி.

மைனஸ் பதினைந்தில் அரைமணி நேரம் மிதித்து வருகிறவன் தாடி, மூச்சுக்காற்று பட்டு வெள்ளையாக உறைந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அது பதக்கம் மாதிரி. வாசலில் ஒருத்தர் தாடியை ஒருத்தர் பார்த்து, வாய் பேசாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள். என் கணவன் தாடியோ காரிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல இருந்தது. காரிலிருந்து எடுத்ததுதானே.

ஆகவே செடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டில் ஒன்றை வாங்கினான். நாற்காலிக் கடைக்குப் பின்னால் நின்று தாடிக்குத் தண்ணீர் அடித்துவிட்டு, உறையட்டும் என்று முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்பான். "பக்கவாட்டுல வந்திருச்சா பாரு" என்பான். நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன். "இடது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்பேன். நெஞ்சு நோயாளி குளிர் காற்றில் முகத்தை நனைத்துக்கொண்டு நிற்பதற்கு நானே டார்ச் பிடித்தேன், பாருங்கள். காரின் கதவுப் பையில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று தாடிக்கு, ஒன்று உயிருக்கு. தாடிப் பாட்டிலை வாரத்துக்கு ஒருதரம் நிரப்பினேன். மற்றது வாங்கியபடியே இருந்தது. "வலி வரவே இல்லையே, எதுக்கு அடிக்கணும்?" என்பான். நானும் நம்பினேன். இந்தக் கூத்தினால் அவன் உயிரோடு இருக்கிறான் அல்லவா, தாடி எக்கேடும் கெட்டுப்போகட்டும் என்றுதான் இருந்தேன்.

பிப்ரவரியில் போட்டியின் கடைசி நாள் வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஒவ்வொரு அணியும் ஆற்றுப் பாலத்தின் இந்தக் கரையில் கூடி, தலைவன் முன்னால் போக, ஒன்றாக வேலைக்குப் போகும். பாலம் நீளம். அதற்கு அப்புறம் ஆஸ்பத்திரி வரை லேசான ஏற்றம். நாற்காலிக் கடைத் தந்திரமெல்லாம் அங்கே எடுபடாது.

"காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுல இரு" என்று முந்தின வாரமே சொன்னேன்.

"தலைவன் இல்லாம எப்படிப் போவாங்க?"

"பெடல் இருக்கில்ல? அதை மிதிச்சுப் போவாங்க."

அவன் எழுந்து போய் ஹெல்மெட்டைத் துடைத்தான். அவன் ஹெல்மெட்டைத் துடைத்தால் முடிவெடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

அன்று காலை மைனஸ் இருபத்தெட்டு. முந்தின நாள் பெய்த பனி பின்சக்கரத்தில் கட்டியாக அப்பிக் கிடந்தது. தட்டக்கூட நேரம் இல்லாமல் சைக்கிளைக் காரில் தூக்கிப் போட்டோம். எனக்கு ஜலதோஷம், மூக்கு ஒழுகி மேலுதட்டிலேயே உறைந்தது. வழி முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்.

"உனக்கு அந்தப் பழைய டயர்தான் முக்கியம். நான் இருக்கேனா செத்தேனான்னு உனக்கு என்ன?"

"இன்னிக்கு மட்டும்தான்."

"நீ போய்ச் சாகறதுன்னா சாகு. நான் குளிர்ல சாக மாட்டேன்!"

சொல்லிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவை. வெதுவெதுவென்று காற்று வந்து காலில் பட்டபோது அழுகையே வந்துவிட்டது. அவன் கையைத் தட்டவில்லை. அவன் கை கோட்டுக்குள் இருந்தது. சரி, கிழவன் இறங்கி வந்துவிட்டான், என் மேலும் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் சக்கரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

பாலத்துக்கு மேட்டில் இருக்கும் தேவாலயத்துக்குப் பின்னால் இறக்கிவிட்டேன். தாடிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டான். நான் டார்ச் பிடிக்க மறுத்துவிட்டேன். சரிவில் மிதிக்காமல் உருண்டு இறங்கிப் போனான். பாலம் தொடங்கும் இடத்தில் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பன்னிரண்டு பேர் சைக்கிளோடு நின்றார்கள். தர்மோ, இஸ்திரிப் பகுதியில் வெய்யோ கூட வேலை செய்யும் பிர்யோ, இன்னும் மற்றவர்கள். ஆவி பறக்கிற மூச்சைத் தவிர அங்கே எந்தச் சத்தமும் இல்லை. கடைசி ஆள் வந்து சேரும்வரை எல்லாரும் காத்து நின்றார்கள். சைக்கிளும் அந்தக் குளிரில் சேர்ந்து நின்றது. உருகிய தண்ணீர் உறைவதற்கு அவ்வளவு நேரம் போதும்.

நான் காரைப் பாலத்துச் சாலையில் ஏற்றி, சைக்கிள் பாதைக்குப் பக்கத்தில், விளக்கை மங்கலாக்கி ஊர்ந்தேன். நடுவில் ஒரு கம்பித் தடுப்பு மட்டும்தான்.

தலைவன் கையைத் தூக்கினான். எல்லாரும் ஏறினார்கள். வெய்யோ பெடலை அழுத்தினான். பெடல் சுற்றியது. இன்னொரு தடவை அழுத்தினான். இன்னும் வேகமாகச் சுற்றியது. சைக்கிள் இருந்த இடத்திலேயே இருந்தது.

அங்கே நின்ற பன்னிரண்டு பேரும் ஔலுக்காரர்கள். வெளியே தூங்கிய சைக்கிளுக்கு இந்த வியாதி வராது என்று அத்தனை பேருக்கும் தெரியும். பெடல் வெறுமனே சுற்றுகிறது என்றால் அது எங்கேயோ கதகதப்பாகப் படுத்திருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

என் கணவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு காலைப் பெடலில் வைத்து, மறு காலால் தரையை உதைத்துத் தள்ளிக்கொண்டு புறப்பட்டான். பனியில் கிழவிகள் கடைக்குப் போகும் சறுக்கு உதைவண்டி மாதிரி. உதைத்தான், உருண்டான், உதைத்தான். முகத்தை மட்டும் நேராக வைத்துக்கொண்டான்.

அதைவிடக் கேவலம், மற்ற பன்னிரண்டு பேரும் செய்ததுதான். பின்னால் அதே வேகத்தில், சவ ஊர்வலம் மாதிரி, வரிசை கலையாமல் வந்தார்கள். ஒருத்தரும் அவனைத் தாண்டவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தராவது "என்னடா ஆச்சு?" என்று கேட்கவில்லை. பனி மூடிய ஆற்றை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, கும்மிருட்டு. எங்கள் ஜனங்களின் நாசூக்கைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ரொம்பப் புகழ்வார்கள். அன்று காலை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த நாசூக்கை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பாலத்தின் அந்தக் கோடியில் வெய்யோ நின்றான். கம்பியைப் பிடித்தான். உடம்பு முன்னால் வளைந்தது. பின்னால் வந்த பன்னிரண்டு பேரும், மரியாதையான தூரம் விட்டு, நின்றார்கள்.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. தடுப்பு முடிகிற இடத்தில் காரைத் திருப்பி, பனி மேட்டின் மேல் ஏற்றி, சைக்கிள் பாதையில் இறக்கினேன். எங்கள் ஊரில் சாலையை வாருவதற்கு முன்பே சைக்கிள் பாதையில்தான் பனி வாருவார்கள். தேவாலயத்துக்குள் காரை ஓட்டினாலும் மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். ஹாரனை அழுத்தி, அழுத்தியபடியே போனேன். அந்தக் காருக்கு ஹாரன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிர்யோ முன்னால் வந்தாள். "ஹில்க்கா, இது சைக்கிள் பாதை."

"தெரியும்டி! எனக்குக் கண்ணு இருக்கு. உங்களுக்குத்தான் இல்ல!"

கதவைத் திறந்தேன். "ஏறு" என்றேன். வெய்யோ என்னைப் பார்த்தான். திரும்பி அவர்களைப் பார்த்தான். உதடு நீலம். தாடி மட்டும் பிரமாதமாக உறைந்திருந்தது.

"செயின்..." என்று ஆரம்பித்தான்.

நான் காத்திருந்தேன். அவன் செயின் அறுந்துவிட்டது என்று சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நானும் ஆமாம் என்றிருப்பேன். பொய்யையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்.

"செயின் இல்ல" என்றான். "நெஞ்சு வலிக்குது."

"தெரியும்" என்றான் தர்மோ. அதற்குள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்து அவன் அக்குளுக்குள் தோள் கொடுத்திருந்தான். "ஏறு கிழவா."

"தெரியுமா?" என்றேன் நான். "என்ன தெரியும்?"

அவனைத் தூக்கி உட்கார வைத்தபடியே தர்மோ சொன்னான். "தாடி வெள்ளையா இருக்கும், கண்ணிமை முடி கறுப்பா இருக்கும். இமை உறையாம எவன் வருவான்? நாற்காலிக் கடைக்குப் பின்னால உன் கார் நிக்கும்."

"பாத்தீங்களா?"

"ஒருநாள் பாத்தோம். அப்புறம் பாக்கக் கூடாதுன்னுதான் நாங்க அந்தப் பக்கம் வராம சுத்திப் போவோம்" என்றாள் பிர்யோ. "ரொம்பச் சுத்து. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல."

 மைனஸ் இருபதில் பன்னிரண்டு பேர் ஊரைச் சுற்றியிருக்கிறார்கள். நாங்கள் ஒளிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. ஹீட்டர் இல்லாமல் நான் நடுங்கிக்கொண்டிருந்த அத்தனை காலையும்.

"ஒரு வார்த்தை கேட்டா என்ன? வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"அவன் சொல்லலையே" என்றான் தர்மோ. அதற்குமேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"போன வருஷமே மெதுவாத்தான வந்தோம்" என்று பிர்யோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. "சைக்கிளை நான் பாத்துக்கறேன், வெளியிலயே நிறுத்தறேன்" என்றாள் சத்தமாக. கதவை அடித்துச் சாத்தினேன்.

"வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்றேன். தொழிலில் தினமும் சொல்கிற வார்த்தைதான். சரியான பாட்டிலைத்தான் எடுத்தேன் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அடித்தேன். ஆஸ்பத்திரி கண்ணுக்கு எதிரில் இருந்தது. சைக்கிள் பாதையிலேயே ஓட்டிக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே கொண்டுபோய், ஒயர்களை ஒட்டி, ஊசி போட்டு, பயப்படும்படி இல்லை, ஆனால் இன்றைக்கே கம்பிவலை வைத்துவிடுவோம் என்றார்கள். அக்டோபரில் பார்த்த அதே சின்ன டாக்டர்தான் வந்தாள். அவன் படுத்திருந்த விரிப்பு, அவன் கையாலேயே இஸ்திரி போட்டதாக இருக்கலாம். தாடி உருகித் தலையணை நனைந்து கொண்டிருந்தது.

"இந்த வலி எப்போலேர்ந்து இருக்கு?" என்று கேட்டாள் டாக்டர்.

"இன்னிக்குத்தான்" என்றேன் நான். எனக்குத்தானே தெரியும். இந்த ரகசியத்தை ஒரு குளிர்காலம் முழுக்க விறைக்க விறைக்கச் சுமந்தவள் நான்தானே. "அக்டோபர்ல நீ சொன்னதுலேர்ந்து ஒருநாள்கூட வரலை."

வெய்யோ கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"தினமும் வரும்" என்றான். "போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்துலேர்ந்து. பாலத்து ஏத்தத்துலதான் முதல்ல வந்துச்சு. அப்புறம் நம்ம அணிக்காரங்க மெதுவா வர ஆரம்பிச்சாங்க, சமாளிச்சேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டு வெளியே போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.  இரண்டு குளிர்காலம். தினமும் காலையில் ஃப்ளாஸ்கில் காபி ஊற்றிக் கையில் கொடுத்து, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு அனுப்பியவள் நான். சலவை நிலையத்தில் விரிப்பு மடிக்கிற பிர்யோவுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் வாயாலேயே பட்டப்பெயர் வாங்கிய தர்மோவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே கட்டிலில் படுத்தவளுக்குத் தெரியவில்லை. பாலத்தில் அவர்களைப் பார்த்துக் கத்தினேனே, அதையெல்லாம் என்னைப் பார்த்துத்தான் கத்தியிருக்க வேண்டும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

 கோபமாகவும் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னான்.

"நீ கேக்கலையே, ஹில்க்கா."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.  யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். சாப்பிட்டாயா, தொப்பி எங்கே, மாத்திரை போட்டாயா, தாடி உறைந்ததா, இதெல்லாம் கேட்டிருக்கிறேன். டாக்டர் கேட்டது போல ஒரு தடவை கேட்டதில்லை. வலிக்கவில்லை என்று அவனாகச் சொன்னதை எடுத்துக்கொண்டு அத்தோடு விட்டுவிட்டேன், கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று.

நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்தேன்.

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது."

"எங்க?"

அவன் என் கையைப் பிடித்து எடுத்துப் போய் அந்த இடத்தில் வைத்தான்.